மூடு

தெலுங்கில் மூன்று என்னும் எண்ணுக்கு ‘மூடு’ என்று பெயர். மூலத் திராவிடத்தில் ஒன்றாக இருந்த சொல் தமிழில் ‘மூன்று’ ஆகி, பேச்சில் ‘மூணு’ ஆகி, கன்னடத்தில் ‘மூரு’ ஆகி, தெலுங்கில் ‘மூடு’ என்று நின்றது. ஒப்பிலக்கண வகுப்பில் முதல் வாரமே கரும்பலகையில் ஏறிவிடும் எடுத்துக்காட்டு இது. தமிழ்க் காதுக்கோ ‘மூடு’ எண் அன்று, ஏவல் வினை. சித்தூரில் பிறந்து வளர்ந்தவருக்கு இதில் குழப்பம் வராது. 1911-இல் வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில வட்டங்களையும் இணைத்து உருவான மாவட்டம் அது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூர் ஆந்திரத்தில் தங்கியது, 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக்கோடுகள் இப்படி நகர்ந்துகொண்டிருக்க, அங்குள்ளோர் இரண்டு மொழிகளையும் வாயில் வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டார்கள். குழப்பம் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான்.

அப்படி வந்தவர் ஓர் இளம் செவிலியர். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். சித்தூருக்கு அருகே எல்லையோர ஊர் ஒன்றிலுள்ள சிறிய மகப்பேறு மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிரவு பணியிலிருந்த குழந்தை மருத்துவரோ சித்தூரிலேயே, தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவர். பள்ளியில் தெலுங்கு படித்து, திருப்பதியில் மருத்துவமும் மேற்படிப்பும் முடித்து, சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தார். வீட்டில் தமிழ், பணியில் தெலுங்கு என்பது அவருக்கு எண்ணிச் செய்யும் காரியமாக இருந்ததில்லை. மூன்றாமவர் மூத்த செவிலியர். எல்லோருக்கும் ‘அக்கா’. ஊசி மருந்தின் பெயரை ஆங்கிலத்திலும், அதைப் போடும்போது சொல்லும் ஆறுதலைத் தெலுங்கிலும், போட்ட பிறகு வரும் முணுமுணுப்பைத் தமிழிலும் சொல்பவர்.

நள்ளிரவு தாண்டி ஒரு பிரசவம் சிக்கலாயிற்று. வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது, பனிக்குட நீர் பச்சையாகக் கெட்டியாக வந்தது. குழந்தை கருவறையிலேயே மலம் கழித்திருந்தது.

அந்தப் பச்சை நீருக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. மருத்துவரின் ஆசிரியர் தலைமுறைக்கு, பச்சை நீரில் துவண்டு பிறக்கும் குழந்தை என்றாலே முதற்காரியம் ட்யூப்தான். மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்தி, உள்ளே போன மலத்தை உறிஞ்சி எடுத்த பிறகே காற்றூட்ட வேண்டும் என்பது பாடம். அதற்கு முன்பே காற்றை அழுத்தினால் அழுக்கு நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும் என்ற தருக்கம் கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. புதுச்சேரி ஜிப்மரில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். துவண்டு பிறந்த 122 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மூச்சுக்குழாயில் உறிஞ்சினார்கள். இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆய்வு 2015-இல் வெளியானது. அதே ஆண்டு பன்னாட்டு வழிகாட்டுதலும் மாறியது: வழக்கமாக ட்யூப் போட்டு உறிஞ்ச வேண்டியதில்லை, காற்றூட்டலைத் தாமதிக்கக் கூடாது. 122 என்பது சிறிய எண்தான். ஆனாலும் உலகெங்கும் பிரசவ அறைகளில் முதலில் எந்தக் கருவியைக் கையில் எடுப்பது என்னும் கேள்விக்கான விடையை மாற்றியதில் புதுச்சேரிக்குப் பங்கு உண்டு என்பது தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்களே பலர் அறியாத செய்தி.

ஆகவே அன்றிரவு அக்காவின் கையில் முதலில் இருந்தவை ஆம்பு பையும் 1-ஆம் எண் மாஸ்க்கும். (ஆம்பு என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். கோபன்ஹேகனில் ஹென்னிங் ரூபன் உருவாக்கி 1956-இல் விற்பனைக்கு வந்த, தானே விரிந்துகொள்ளும் பை அது. இன்று யார் செய்த பையானாலும் ஆம்பு பைதான். நிறுவனப் பெயர் பொதுப்பெயராவதற்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.) நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 85 தாமாகவே மூச்சுவிடும். இன்னும் பத்துக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். ஐந்து குழந்தைகளுக்குத்தான் பையும் மாஸ்க்கும் தேவைப்படும். ட்யூப் வரை போவது நூற்றில் இரண்டுக்கும் குறைவு. இந்தியாவில் 2009-இல் தொடங்கிய நவஜாத சிசு சுரக்ஷா பயிற்சி செவிலியர்களுக்குப் பையையும் மாஸ்க்கையும் கற்றுத்தருகிறது. ட்யூப் அந்தப் பாடத்தில் இல்லை. அக்கா அந்தப் பயிற்சி பெற்றவர். பையை அழுத்தும் தாளத்தைத் தமக்கென ஒரு கலவையில் வைத்திருந்தார்: “மூச்சு, ரெண்டு, மூடு. மூச்சு, ரெண்டு, மூடு.” முதற்சொல்லில் அழுத்துவது, அடுத்த இரண்டில் விடுவது. நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது முறை.

குழந்தை பிறந்தது. அழவில்லை. துடைத்தார்கள், தேய்த்தார்கள், துவண்டே கிடந்தது. அக்கா மாஸ்க்கை வைத்து அழுத்தினார். மார்பு எழவில்லை.

இங்கே செய்யவேண்டியவற்றுக்கு வரிசை உண்டு. மாஸ்க்கை மறுபடி பொருத்துதல், தலையின் நிலையைச் சரிசெய்தல், வாயையும் மூக்கையும் உறிஞ்சுதல், வாயைச் சற்றுத் திறந்துவைத்தல், அழுத்தத்தைக் கூட்டுதல். அக்கா ஒவ்வொன்றாகச் செய்தார். தோளுக்கடியில் மடித்த துணியை வைத்தபோது மார்பு சிறிது அசைந்தது, மறுபடி நின்றது. அப்போதுதான் மருத்துவர் குழந்தையின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். கீழ்த்தாடை மிகச் சிறியதாக, உள்வாங்கி இருந்தது. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது. கருக்காலத்து ஸ்கேன் தாள்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

லாரிங்கோஸ்கோப்பில் நேரான பிளேடை முன்பே பொருத்தி வைத்திருந்தார். பெரியவர்களுக்கு வழங்கும் வளைந்த பிளேடு மெக்கின்டாஷுடையது, 1943. நேரானது மில்லருடையது, 1941. கைக்குழந்தைக்கு நேரானதை எடுப்பதற்குக் காரணம் உடற்கூறு. பிறந்த குழந்தையின் குரல்வளை பெரியவர்களுடையதைவிட மேலே, நாக்கின் வேருக்கு அருகில் இருக்கும். குரல்வளை மூடி நீண்டு, தளர்ந்து, தொங்கிக்கொண்டிருக்கும். வளைந்த பிளேடின் நுனியை அதற்கு முன்னாலுள்ள பள்ளத்தில் வைத்துத் தூக்கினால் அந்த மூடி ஒழுங்காக எழாது. நேரான பிளேடு அதையே நேரடியாகத் தாங்கித் தூக்கிவிடும். நிறைமாதக் குழந்தைக்கு 1-ஆம் எண், குறைமாதத்துக்கு 0, அதனினும் சிறியதற்கு 00. ட்யூபுக்கும் இப்படி ஓர் ஏணி உண்டு. உள்விட்டம் மில்லிமீட்டரில்: ஒரு கிலோவுக்குக் குறைந்தால் 2.5, ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை 3, அதற்கு மேல் 3.5. அரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றும். ஆனால் சீராக ஓடும் காற்றின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 3.5-க்குப் பதில் 3 போட்டால் அதே அழுத்தத்தில் போகும் காற்று ஏறக்குறையப் பாதியாகிவிடும். பெரியதைத் திணித்தாலோ மூச்சுக்குழாய் புண்படும். எவ்வளவு ஆழம் செலுத்துவது என்பதற்கும் ஒரு கணக்கு: எடையோடு ஆறைக் கூட்டினால் உதட்டருகே நிற்கவேண்டிய சென்டிமீட்டர். மூன்று கிலோவுக்கு ஒன்பது.

மருத்துவர் குனிந்து, இடக்கையில் லாரிங்கோஸ்கோப்பை ஏந்தி, வலக்கையை நீட்டி, “மூடுன்னர” என்றார். மூன்றரை. அவர் கேட்டது 3.5 ட்யூப்.

இளம் செவிலியரின் காதில் விழுந்தது ‘மூடு’. எஞ்சிய ஒலி பின்னால் வருவதற்குள் அவர் அக்காவின் கையிலிருந்து விலகிய மாஸ்க்கை எடுத்துக் குழந்தையின் முகத்தை மூடிவிட்டார். பிளேடு மாஸ்க்கின் விளிம்பில் இடித்தது. “ட்யூப், ட்யூப்!” என்று அக்கா கத்தினார். இரண்டு வினாடி, மிஞ்சினால் மூன்று. ஒன்றும் பாழாகிவிடவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் பின்னாளில் அந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் நினைவுகூர்வது அதைத்தான். இரு மொழி வழங்கும் சமூகங்களில் பொதுவான ஒலி வேறு பொருள் தருவதை மொழியியலாளர்கள் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் வினாடிக்கணக்கில் அளக்கப்படும் இடங்களும் உலகில் இருக்கின்றன.

பிளேடு உள்ளே போனது. தெரிந்ததெல்லாம் நாக்கு, எச்சில், இளஞ்சிவப்பான ஏதோ ஒரு தசை. குரல் நாண்கள் தெரியவில்லை. அக்கா எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு முயற்சிக்கு முப்பது வினாடிக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது விதி. விதியைச் சொல்வது எளிது. வளைந்து நிற்பவரின் முதுகில் அந்த முப்பது எப்படிக் கழியும் என்பதை மாணவப் பருவத்தில் யாரும் சொல்வதில்லை. இருபத்தைந்தில் ஏதோ ஒரு துளை தெரிந்ததுபோல் இருந்தது. செலுத்தினார். பையை அழுத்தியபோது மார்பு அசையவில்லை, வயிறு உப்பியது. ட்யூப் உணவுக்குழாயில் நின்றது.

“மேடம், முப்பது தாண்டிருச்சு,” என்றார் அக்கா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. மருத்துவர் ட்யூபை உருவினார். மாஸ்க் மறுபடி முகத்தில் ஏறியது. ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்திருந்த இளம் செவிலியர் இதயத் துடிப்பை மேசைமேல் விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தட்டல்கள் தள்ளித் தள்ளி விழுந்தன.

இனி எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. இன்னொரு முறை ட்யூப் என்பது கையின் உடனடி ஆசை. திருப்பதியில் படித்த ஆண்டுகள் அவருக்கு ஒரு பெருமிதத்தைக் கொடுத்திருந்தன. 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி, அதன் ரூயா மருத்துவமனை, 1993-இல் வந்த ஸ்விம்ஸ் என்று அந்த ஊர் ஒரு மருத்துவத் தலைநகரம்போல் வளர்ந்திருக்கிறது. பயிற்சி மாணவர்களுக்கு எந்த ஊரிலும் ‘ட்யூப் போடத் தெரிந்தவர்’ என்பது ஒரு பட்டம். முதன்முதலில் ட்யூப் போட்ட நாளை யாரும் மறப்பதில்லை. முதன்முதலில் மாஸ்க்கைச் சரியாகப் பொருத்திய நாளை நினைவில் வைத்திருப்பவர் யாருமில்லை.

தட்டில் இன்னொன்று இருந்தது. குரல்வளை மாஸ்க், மருத்துவர்கள் வாயில் எல்.எம்.ஏ. 1981-இல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற மயக்க மருத்துவர், பல் மருத்துவத்தில் மூக்கின்மேல் வைக்கும் பழைய கோல்ட்மேன் மாஸ்க்கைப் பார்த்து, அந்த வடிவத்தைத் தொண்டைக்குள் கொண்டுபோய்க் குரல்வளை வாயில்மீதே கவிழ்த்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது. அதைப் போடுவதற்குக் குரல் நாண்களைப் பார்க்கவேண்டியதில்லை. விளக்கு வேண்டாம், பிளேடு வேண்டாம். மேலண்ணத்தை ஒட்டி விரலால் தள்ளினால் தானே போய்த் தடுத்து நிற்கும். 1-ஆம் எண் ஐந்து கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கு. சிறு தாடையுள்ள குழந்தைக்கு அதன் பயன் தனிச்சிறப்பானது, ஏனெனில் சரிந்து விழும் நாக்கைத் தாண்டி அது உட்கார்ந்துகொள்ளும். குறைகளும் உண்டு. மிகச் சிறிய குறைமாதக் குழந்தைக்குப் பொருந்தாது, மூச்சுக்குழாயிலிருந்து எதையும் உறிஞ்ச முடியாது, அழுத்தம் கூடினால் ஓரங்களில் காற்றுக் கசியும்.

அந்த ஒற்றை எல்.எம்.ஏ. மருத்துவமனைக்கு வந்ததே பெரும் கதை. மருத்துவர் மூன்று மாதம் கேட்டிருந்தார். ஆண்டுக்கு எத்தனை முறை பயன்படும் என்று நிர்வாகம் கேட்டது. ஒருமுறையும் பயன்படாமல் போகலாம் என்று அவர் உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொன்னதால் மேலும் ஒரு மாதம் தாமதமாயிற்று. வந்த பிறகு அது அலமாரியின் கீழ்த்தட்டில், உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. ஒவ்வோர் இரவும் பணி தொடங்கும்போது அதை எடுத்துத் தட்டில் வைப்பதும், காலையில் யாரோ அதை மறுபடி கீழ்த்தட்டுக்கு அனுப்புவதும் வழக்கமாகியிருந்தது. திருப்பதியில் பொம்மையில் நாலைந்து முறை போட்டுப் பழகியதைத் தவிர, உயிருள்ள குழந்தைக்கு மருத்துவர் அதைப் போட்டதில்லை.

உறையைக் கிழித்தார். அண்ணத்தை ஒட்டித் தள்ளினார். தடுத்து நின்றது. விளிம்புப் பையில் சிறிது காற்றை ஏற்றி, ஆம்பு பையை இணைத்தார். அக்கா அழுத்தினார். மார்பு எழுந்தது. இரு பக்கமும், ஒரே அளவில். மேசைமேல் விழுந்த தட்டல்கள் நெருங்கிவரத் தொடங்கின. ஒரு நிமிடத்துக்குள் அவை எண்ண முடியாத வேகத்தில் விழுந்தபோது இளம் செவிலியர் தட்டுவதை நிறுத்திவிட்டு அழுதார்.

108 வண்டியில், பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். அக்கா பையை அழுத்திக்கொண்டே போனார். சந்திரகிரிக் கோட்டை இருட்டில் கடந்துபோனபோது குழந்தை இடையிடையே தானே மூச்சுவிட்டது. திருப்பதியில், கேமரா பொருத்திய லாரிங்கோஸ்கோப்பின் உதவியோடு ட்யூப் போட்டார்கள். அங்கும் முதல் முயற்சியில் முடியவில்லை.

ஒப்படைக்கும்போது அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர் பரிந்துரைத் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “ஏன் மேடம், ட்யூப் போடாம அனுப்பிட்டீங்க?” கேள்வியில் கெடுநோக்கு இல்லை. தாமும் சில ஆண்டுகளுக்கு முன் எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவர்களிடம் இதே தொனியில் கேட்டது மருத்துவரின் நினைவுக்கு வந்தது. “போட முடியவில்லை,” என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில்தான் சொல்லியிருக்கவேண்டியவை வரிசையாக வந்தன.

சொல்லியிருக்கக்கூடியவை நிறைய. டப்ளினில் ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனையில் 214 குழந்தைகளிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான லாரிங்கோஸ்கோப்பால் முதல் முயற்சியில் ட்யூப் சரியாகப் போனது 45 விழுக்காட்டினருக்கே. கேமரா உள்ளதால் 74. வசதியெல்லாம் நிறைந்த இடத்தில், பிளேடும் வெறுங்கண்ணும் பாதிக்கும் மேற்பட்ட முறை தோற்றிருக்கின்றன. கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் 2020-இல் வெளியான ஆய்வு இன்னும் நெருக்கமானது. அங்கே எல்.எம்.ஏ. போட்டவர்கள் பெரும்பாலும் மருத்துவச்சிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில், முக மாஸ்க்குக்குப் பதிலாக எல்.எம்.ஏ.வை வைத்ததால் இறப்போ மூளைப் பாதிப்போ குறையவில்லை. எல்.எம்.ஏ. பிரிவில் 27.4 விழுக்காடு, முக மாஸ்க் பிரிவில் 24.4. அது மந்திரக்கோல் என்று நம்பியவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் குறுகிய பயிற்சியோடு மருத்துவச்சிகளின் கையில் அது பாதுகாப்பாக வேலைசெய்தது என்பதும் அதே ஆய்வின் செய்தி. 34 வாரம் கடந்த குழந்தைகளுக்கு, கருவியும் பயிற்சியும் உள்ள இடங்களில் முக மாஸ்க்குக்குப் பதிலாக முதலிலேயே எல்.எம்.ஏ.வைக் கொள்ளலாம் என்று பன்னாட்டு மீட்புக் குழு 2022-இல் சொன்னது. ‘பயிற்சியும் உள்ள இடங்களில்’ என்ற அந்தச் சிறு தொடர்தான் திருப்பதிக்கும் எல்லையோர ஊருக்கும் இடையிலுள்ள எழுபது கிலோமீட்டர்.

கேமராவுள்ள லாரிங்கோஸ்கோப்பை அந்தச் சிறிய மருத்துவமனை அண்மையில் வாங்கப்போவதில்லை. வாங்கினாலும் ஆண்டுக்கு இரண்டு குழந்தைகளுக்கு எடுக்கும் கருவியில் யார் கைக்கும் பழக்கம் வராது. இந்தக் கணக்கை மருத்துவர் போட்டுப் பார்த்தார். எது சிறந்த கருவி என்று பாடநூல்கள் கேட்கும் கேள்விக்கு இங்கே பாதிப் பயன்தான். இரவு இரண்டு மணிக்கு அந்த அறையில் இருக்கப்போகும் மூன்று பேரின் கைக்கு எது பழகியிருக்கிறது என்பது எஞ்சிய பாதி, அதற்கான விடை பகலில்தான் தயாராகவேண்டும்.

அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. எல்.எம்.ஏ. இரண்டாயிற்று, தட்டிலேயே தங்கியது. திங்கட்கிழமைப் பிற்பகல்களில், இரவல் வாங்கிய பழைய பொம்மை ஒன்றை மேசைமேல் கிடத்தி மூவரும் பழகினார்கள். எல்.எம்.ஏ. போடுவதில் வேகமானவர் இளம் செவிலியர் என்பது இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. ட்யூபின் அளவை இனி ஆங்கிலத்தில் மட்டும், ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வது, வாங்குபவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே கை நீள்வது என்று ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. அக்காவுக்கு இதில் உடன்பாடு குறைவு. நம்ம ஊரில் நம்ம பேச்சில் எண்ணக்கூடாதா என்று கேட்டார். எண்ணலாம், அளவு கேட்கும்போது மட்டும் வேண்டாம் என்று மருத்துவர் சமாதானம் சொன்னார்.

குழந்தை நான்காம் வாரம் வீடு திரும்பியது. குப்புறப் படுக்கவைத்தே வளர்க்கச் சொல்லியிருந்தார்கள். காற்றுக் குறைந்திருந்த அந்த நிமிடங்கள் மூளையில் எதையாவது விட்டுச்சென்றனவா என்பது நடக்கவும் பேசவும் தொடங்கும்போதுதான் தெரியவரும். பாட்டி மாதமொருமுறை தூக்கிக்கொண்டு வருகிறார். மருத்துவர் ஒவ்வொரு முறையும் முதலில் பார்ப்பது கைவிரல்களைத்தான், எதையாவது இறுகப் பிடிக்கிறதா என்று.

பொம்மைக்கு மாஸ்க் போடும் திங்கட்கிழமைகளில் இப்போது தாளம் சொல்வது இளம் செவிலியர். அக்காவிடம் கற்றதை மாற்றாமல் அப்படியே சொல்கிறார். மூச்சு, ரெண்டு, மூடு.